அம்மா போட்ட சட்டம்

கத்தரிக்காய் வாங்கும்போது காம்போரம் திருப்பித் திருப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள்தான் நாம் எல்லோரும். நம் வயதில் இந்தப் பழக்கம் இனிப் போகாது. நானும் பார்க்கிறேன். ஆனால் நான் ஓட்டை இருக்கிற காயாகத் தேடிப் பொறுக்குகிறேன். கடைக்காரப் பெண் சிரிக்கிறாள். "இன்னா ஆயா, சொத்தையா பாத்து எடுக்கறே?" என்கிறாள். புழு உயிரோடு இருந்த காயென்றால் நம்பிச் சாப்பிடலாம் என்று அவளுக்கு விளக்க எனக்கு நேரம் வாய்ப்பதில்லை. பின்னால் நாலு பேர் நிற்பார்கள். உங்களுக்குச் சொல்லலாம். நமக்கெல்லாம் இப்போது மிச்சம் இருப்பது நேரம்தானே.

அப்போது எழுபதுகள் தொடங்கியிருந்தன. கோட்டூர் பக்கம் அடையாற்றங்கரை முழுக்கத் தோட்டமாக இருந்த காலம். கத்தரி, வெண்டை, முளைக்கீரை, இடையிடையே வாழை. கரைமேட்டில் எங்கள் குடிசை வரிசை. காலையில் கதவுத் தட்டியைத் தள்ளினால் ஈர மண்ணும் எருவும் கலந்த ஒரு வாசனை வந்து மூக்கில் நிற்கும். அம்மா விடிவதற்குள் தோட்டத்தில் இறங்கிக் காய் பறிப்பாள். பறித்ததில் ஒரு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மயிலாப்பூர்த் தெருக்களுக்கு விற்கப் போவாள். அப்பா மாம்பலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். அந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு பாயோடு கிடந்தார். அதனால்தான் அக்கா வேலைக்குப் போனாள். எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு.

அக்கா போன இடம் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஜவுளிக்கடைகளுக்குச் சேலை வைக்கிற அட்டைப் பெட்டி செய்து கொடுக்கிற இடம். பெட்டியின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டுவது அக்காவின் வேலை. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள் போலிருக்கிறது, அவள் நகக்கண்ணெல்லாம் நீலமாக இருக்கும். ஜிகினா ஒட்டிய துண்டுக் காகிதங்களை எனக்குக் கொண்டுவருவாள். நான் அதைச் சுருட்டி வளையல் செய்து போட்டுக்கொள்வேன். அது மழையில் ஊறிக் கையெல்லாம் சிவப்பாகும். "அங்க காத்தாடி கீதுடி," என்று அக்கா சொல்வாள். மின்விசிறியைத்தான் அப்படிச் சொன்னாள். நடுப்பகலில் ஒரு பன்னும் டீயும் கொடுப்பார்கள். எப்போது பன்னிரண்டு வயதாகும், நானும் காத்தாடிக்குக் கீழே உட்காருவேன் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் மத்தியானமே அழுதுகொண்டு வந்துவிட்டாள். ஆபீசர் ஒருவர் சோதனைக்கு வந்தாராம். சின்னப் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டாராம்.

"உனக்கு என்ன வயசாறது கொழந்தே?"

யார் கேட்டாலும் பதினாலு என்று சொல்லும்படி முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். அக்கா, "பதினாலு சார். போன வருசமும் பதினாலுதான்" என்று சொல்லியிருக்கிறாள். ஆபீசர் சிரித்துவிட்டாராம். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, கடைகளில் இந்த வயதுப் பிள்ளைகளை வைக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது, இனிமேல் பார்த்தால் வழக்கு என்று கண்டித்தாராம். கிளம்பும்போது அக்காவின் தலையில் கைவைத்து, "சமர்த்தா ஸ்கூலுக்குப் போ" என்றாராம்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவள், "ஒல்லியா, நெத்தியில சந்தனத்தோட, சைக்கிள்ள வந்தாரா? சீட்டுக்குப் பச்சைத் துணி மாட்டியிருந்துச்சா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அடிப்பாவி, அவுரு வூட்லதான்டி நான் தெனம் காய் போடறேன். தங்கமான மனுசன்."

பாயிலிருந்து அப்பா சொன்னார். "தங்கமான மனுசன்தான். வந்து என் பொண்ணு வேலையக் கெடுத்துட்டுப் போயிட்டான்."

மறுநாளே அம்மா தோட்டத்து நைனாவிடம் போய் நின்றாள். தோட்டத்துக்குச் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டின வேட்டியும் சேற்றுக் காலுமாக எங்களோடு மண்ணில் நிற்கிறவர். முதலாளி என்றால் அவருக்கே சிரிப்பு வரும்.

"கடையிலதாம்மா சட்டம் கிட்டம் எல்லாம்," என்றார் நைனா. "தோட்டத்துக்கு எவன் வரப்போறான்? பள்ளிக்கூடந்தான் லீவு விட்டுட்டானே, சின்னதையும் சேத்து அனுப்பு. நல்லா காத்தோட்டமா கீது. உன் கண்ணு முன்னாலயே இருக்கும் ரெண்டும்."

அம்மாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. தி. நகர் வரை தனியாக நடந்து போய்வந்த பெண் இனிக் கையெட்டும் தூரத்தில் இருப்பாள். இதில் யாரைக் குறை சொல்வது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆபீசர் நல்லது நினைத்துத்தான் வெளியே அனுப்பினார். நைனா நல்லது நினைத்துத்தான் உள்ளே கூப்பிட்டார்.

அந்த வருடம் கத்தரியில் புழு அதிகம். மயிலாப்பூரில் காயை யாரும் லேசில் வாங்கிவிட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். ஆபீசர் வீட்டம்மா இதில் கெட்டி. "என்னடியம்மா இது, பாதிக்கு மேல சொத்தை! நீ காயை விக்கறயா, புழுவை விக்கறயா?" என்று கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவாள். விற்காத காயை அம்மா தலையிலேயே திரும்பக் கொண்டுவருவாள். நாலைந்து நாள் இப்படிப் போனதும் நைனா தேனாம்பேட்டைக்குப் போய் ஒரு தகர டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே தோளில் மாட்டிக்கொள்கிற, கையால் பம்பு அடிக்கிற பித்தளைத் தெளிப்பான் ஒன்றையும் எங்கிருந்தோ பழையதாகப் பிடித்து வந்தார்.

டப்பாவில் இருந்ததை மருந்து என்றார்கள். அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்தது. காய்ச்சல் வந்தால் குடிப்பது மருந்து, புண்ணுக்குப் போடுவது மருந்து. செடிக்கு உடம்பு சரியில்லை, மருந்து கொடுக்கிறோம். மருந்து என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அதற்குப் பூண்டு வாசனை. அழுகின பூண்டை நசுக்கினாற்போல் இருக்கும். குடத்துத் தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். குச்சியால் கலக்கினால் சரியாகக் கலக்காது என்று அக்கா கையையே விட்டுக் கலக்குவாள். பெட்டிக் கம்பெனியில் பசை கலக்கின கை. அவள் கலக்கினால் திப்பி இருக்காது என்று நைனா எல்லோரிடமும் சொல்வார். அவளுக்கு அதில் பெருமை. முழங்கை வரை வெள்ளை பூசிக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவாள். நான் ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வருவேன். எதிர்வீட்டு அத்தையின் மகன் தெளிப்பானின் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவான். கத்தரிப் பாத்திகளுக்கு நடுவே பெரியவர்கள் குனிந்து போனால் இடுப்பு ஒடியும், கிளை முறியும். பிள்ளைகள் சுலபமாக நுழைந்து வரலாம்.

காலி டப்பா ஒன்று கிடைத்தது. அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டு வைத்துக்கொண்டாள். நல்ல மூடி, காற்றுப் புகாது. டப்பாவின் மேல் ஒரு மண்டை ஓடு படம் இருந்தது. நான் அதற்குக் கரித்துண்டால் பொட்டு வைத்தேன்.

மருந்து அடித்த நாளில் ராத்திரி எங்களுக்குத் தலைவலி வரும். எதிர்வீட்டுப் பையன் வாந்தி எடுப்பான். வெயிலில் நின்றதால் என்று அத்தை மோர் கொடுப்பாள். காயில் புழு இல்லை. ஆபீசர் வீட்டம்மா ஒரு நாள் அம்மாவைப் பார்த்து, "இப்பத்தான் லட்சணமா கொண்டு வரே" என்று சொன்னாளாம். அம்மா அதை வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த நாள் புழுக்கமாக இருந்தது. இலை அசையவில்லை. நைனாவுக்கு வேறு வேலை வந்துவிட, தெளிப்பானை அக்காவின் முதுகிலேயே மாட்டிவிட்டார். அதன் அடியில் ஒரு கசிவு. எல்லோருக்கும் தெரிந்த கசிவுதான், துணி சுற்றி வைத்திருந்தார்கள். அக்கா பாத்தி பாத்தியாகப் போய்வந்தாள். அவள் ரவிக்கையும் பாவாடையும் பின்பக்கம் முழுக்க நனைந்துவிட்டன. குளுகுளுவென்று இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து வரப்பில் வந்து உட்கார்ந்தாள். "கண்ணு மங்கலா கீதுடி. மேகம் போட்டுக்கிச்சா?" என்றாள். மேகமே இல்லை. அவள் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. துடைத்தாள், மறுபடி ஒழுகியது. வேர்வை முகத்திலிருந்து சொட்டியது. கன்னத்துச் சதை மட்டும் தனியாக, அவளுக்குச் சம்பந்தமில்லாததுபோலத் துடித்தது. நான் சிரித்தேன். அவள் வேடிக்கை காட்டுகிறாள் என்றே நினைத்தேன். அப்புறம் அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

எதிர்வீட்டு அத்தைதான் முதலில் ஓடிவந்தாள். வெயில் தாக்கிவிட்டது என்று முகத்தில் தண்ணீர் அடித்தாள். யாரோ வேப்பிலை ஒடிக்கப் போனார்கள். அம்மா மயிலாப்பூரில் இருந்தாள். நைனா வரப்பில் ஓடிவந்து, குனிந்து அவள் முதுகைத் தொட்டு, கையை முகர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடினார். திரும்பிப் பார்த்து என்னிடம் கத்தினார். "அந்த டப்பாவ எடுத்துக்கினு வா!"

சைக்கிள் ரிக்‌ஷாவில் நைனாவின் மடியில் அக்கா. என் மடியில் டப்பா. பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை ரிக்‌ஷாக்காரரை நைனா, "அழுத்துப்பா, அழுத்துப்பா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். அவர் சட்டையும் நனைந்திருந்தது.

அங்கே இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. அக்காவின் இமையை விரித்துப் பார்த்தார். கண்ணின் கருமணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. டப்பாவை என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். அடுத்த நிமிடம் நர்சுகள் அக்காவின் துணியைக் கத்தரித்து எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டு உடம்பு முழுக்கத் தேய்த்துக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். கண்ணைப் பார்த்தார்கள், மறுபடி ஊசி போட்டார்கள்.

யார் சொல்லி எப்படி வந்தாளோ, அம்மா காலிக் கூடையோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். அப்போது டாக்டரம்மா நைனாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைக் கொழந்தை கையில குடுத்தது யாரு? இது விஷம்யா. தெரியுமா உங்களுக்கு?"

"விஷமா?" என்றாள் அம்மா. "மருந்துன்னு சொன்னாங்களே தாயீ."

"மண்டை ஓடு படம் போட்டிருக்கே. பாக்கலையா?"

"பாத்தேம்மா," என்றார் நைனா. "அது பூச்சிக்குன்னு நெனச்சிட்டேன்." அவர் அதைச் சொன்ன விதத்தில் பொய் இல்லை. சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அவருக்கும் ஒரு ஊசி போடவேண்டியிருந்தது.

டாக்டரம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார். "பொழைச்சுக்குவா. பயப்படாதீங்க. ஆனா இனிமே இந்த மருந்து அடிக்கிற எடத்துக்கே பசங்க வரக் கூடாது. இந்த வாசனை வந்தாலே தள்ளி நிக்கணும்."

அக்கா பிழைத்துக்கொண்டாள். பிற்காலத்தில் வடபழனியில் சினிமாவுக்கு உடுப்புத் தைக்கிற இடத்தில் வேலை செய்து, பேரப்பிள்ளைகள் எடுத்து, இன்றைக்கும் என்னோடு தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தச் சில நாள் அவளுக்குச் சரியாக நினைவில்லை. எனக்குத்தான் இருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த உப்பு டப்பாவை உப்போடு கொண்டுபோய் ஆற்றில் எறிந்தாள். மறுநாள் நாங்கள் அதே ஆற்றில்தான் குளித்தோம்.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூருக்குப் போனாள். ஆபீசர் வீட்டு கேட்டில் கூடையை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே, "சாமி இருக்காரா?" என்று கேட்டாள். அவர் பனியனோடு, கையில் பேப்பரோடு வந்தார். அம்மா நடந்ததையெல்லாம் சொன்னாள். அவருக்கு அக்காவை நினைவிருந்தது. போன வருசமும் பதினாலு என்று சொன்னதை அவரே சொன்னார். ஆனால் இப்போது சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் கடையில வந்து சொன்னீங்களே, அதே மாதிரி தோட்டத்துக்கும் ஒருவாட்டி வந்து சட்டத்தைச் சொல்லிட்டுப் போங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

"அது கடை, இது வயல்," என்றார் அவர். "ரெண்டும் ஒண்ணில்லை. கடைக்குச் சட்டம் இருக்கு, ஃபாக்டரிக்கு இருக்கு. தோட்டத்துல வேலை செய்யற பசங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. என் அதிகாரம் கடை வாசலோட நின்னுடறது."

"பொட்டி ஒட்டினா தப்பு, வெசம் கலக்கினா தப்பில்லையா?"

அவருக்குப் பின்னால் கதவருகே அந்த வீட்டம்மா நின்றிருந்தாள். அவள் பார்வை அம்மாவின் தலையிலிருந்த கூடையில் இருந்தது. பளபளவென்று, ஓட்டை இல்லாத காய்கள். அன்றைக்கு அவள் காய் வாங்கவில்லை.

வெகுநேரம் பேப்பரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்த ஆபீசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ போய் உன் எஜமானர்கிட்ட என்ன வேணா சொல்லிக்கோ. நான் சொன்னேன்னு சொல்லாதே. ஆனா யாராவது எங்கிட்ட வந்து கேட்டா, அப்படி ஒரு சட்டம் இல்லேன்னு என் வாயால சொல்லமாட்டேன்."

திரும்பி வரும்போது அம்மா அடையாற்றுப் பாலத்தில் கூடையை இறக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கழிமுகத்தைப் பார்த்தபடி நின்றாள். தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள். நான் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். சட்டம் எழுதிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

தோட்டத்துக்கு வந்ததும் நைனாவிடம் சொன்னாள். எல்லாப் பெண்களும் இருந்தார்கள்.

"சட்டம் கீதாம் நைனா. மருந்து அடிக்கிற அன்னிக்குப் பசங்க யாரும் தோட்டத்துல கால் வெக்கக் கூடாது. அந்தப் பூண்டு நாத்தம் போறவரைக்கும் செடியத் தொடக் கூடாது. டப்பாவ வூட்டுக்கு எடுத்துக்கினு போகக் கூடாது. மீறினா தோட்டத்துக்கே பூட்டுப் போட்டுடுவாங்களாம்."

எங்கள் தோட்டத்துக்கு வேலிகூடக் கிடையாது. பூட்டை எங்கே போடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்த நைனாவுக்குக் கேட்கிற தெம்பும் இல்லை. தலையை ஆட்டினார். வயலோ தோட்டமோ, சின்னப் பிள்ளைகளைக் கூலிக்கு வைக்கவே கூடாது என்று நிஜமான சட்டம் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அம்மா அவ்வளவு பெரிதாக ஆசைப்படவில்லை. மற்ற நாட்களில் நாங்கள் களை பிடுங்கினோம், காய் சுமந்தோம். எங்கள் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். வாசனை போனாலும் விஷம் போவதில்லை என்பது தெரியாது.

அந்தச் சட்டத்துக்கு எதிர்ப்பும் வந்தது. எதிர்வீட்டு அத்தைக்குப் புருஷன் இல்லை. மகன் தெளிப்பான் குழாய் பிடிக்கிற நாளில் கிடைக்கிற கூலி போய்விட்டது. குழாயடியில் குடத்தை நங்கென்று வைத்துவிட்டு அம்மாவைக் கேட்டாள். "உன் பொண்ணுக்கு ஆச்சுன்னா ஊருக்கே சட்டம் போடுவியா நீ? என் வூட்ல சோறு யாரு போடுவா, உன் ஆபீசரா?" அத்தை பல வாரம் எங்களோடு பேசவில்லை. அவள் மகன் மட்டும் எங்களோடு விளையாட வந்துகொண்டிருந்தான்.

மருந்து அடிக்க நைனா சைதாப்பேட்டையிலிருந்து ஒரு ஆளைக் கூலிக்கு வரவழைத்தார். கொஞ்ச காலம் இப்படி ஓடியது. பிறகு வடபழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போன நைனா, அங்கே உறவில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துப் பேசியிருக்கிறார். திரும்பி வந்தவர் கல்யாண வேட்டியோடு நேரே தோட்டத்துக்குள் இறங்கினார். அம்மா காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டத்துக்கு அப்படி ஒரு சட்டமே இல்லையாமே?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நானும் அக்காவும் களைக்கூடையோடு நின்றோம். அம்மா கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள்.

"இல்லதான் நைனா."

"அப்ப ஆபீசர் சொன்னார்னு சொன்னே?"

"ஆபீசர் பேர நான் எடுக்கவே இல்ல. சட்டம் கீதுன்னேன். நாந்தான் சொன்னேன்."

கோபமா அவமானமா என்று நைனாவுக்கே தெரியவில்லை போலிருந்தது. "வெளியாளு வெச்சி எத்தினி நாளு தள்ளிட்டேன்! என்னை முட்டாளாக்கிட்டியேம்மா," என்றார்.

அப்போது எதிர்வீட்டு அத்தை இரண்டு பாத்தி தள்ளி இருந்து குரல் கொடுத்தாள். அம்மாவைப் பார்த்துக்கூட அல்ல, செடியைப் பார்த்தபடி. "சட்டம் கீதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் புள்ள இப்பல்லாம் ராத்திரில வாந்தி எடுக்கறதில்ல. இனிமே நான் அவன அனுப்பமாட்டேன்."

மற்றவர்களும் குனிந்து வேலையைத் தொடரவில்லை. காய் பறிக்கிற கைகள் எல்லாம் சும்மா இருந்தன. நைனா சுற்றிலும் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின மனிதர்தானே.

"சரி, பசங்க வேணாம்," என்றார் கடைசியில். "ஆனா வெளியாளு எனக்குக் கட்டுப்படியாவாது. யாரு அடிக்கிறது, சொல்லு."

"நான் அடிக்கிறேன்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். தோட்டம் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தது. அத்தனை வருடமும் அம்மாதான் அடித்தாள். வயதான காலத்தில் அவள் கை நடுங்கிற்று, தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். வயசு என்றார்கள் டாக்டர்கள். இருக்கலாம்.

அவள் முதல் தடவை அடித்த நாளில் நானும் அக்காவும் கரைமேட்டில் உட்கார்ந்திருந்தோம். காற்று எங்கள் பக்கம் வராத இடமாகப் பார்த்து அவளே உட்காரவைத்திருந்தாள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, முதுகில் அந்தப் பித்தளைத் தெளிப்பானோடு, கத்தரிப் பாத்திக்குள் இடுப்பை வளைத்துப் போனாள். மருந்து வெள்ளைப் புகைபோல அவளைச் சுற்றி எழுந்தது. அப்போது அக்கா எழுந்து நின்று கத்த ஆரம்பித்தாள்.

"அம்மா, நீயும் வந்துடும்மா! அம்மா, வெளிய வாம்மா!"

அம்மா திரும்பினாள். துணியை இறக்காமலே, "எனக்கு இன்னாடி? நான் பெரியவ," என்றாள். மறுபடி குனிந்து போனாள்.

முடித்துவிட்டு அவள் எங்களிடம் வரவில்லை. நாங்கள் இறங்கி ஓடினதும், "கிட்ட வராதீங்க! குளிச்சிட்டு வரேன்," என்று கையை நீட்டித் தடுத்தாள். நேரே ஆற்றுக்குப் போய்க் கட்டின புடவையோடு இறங்கினாள். மண்ணை அள்ளிக் கையிலும் கழுத்திலும் தேய்த்தாள். முங்கினாள், எழுந்து தன் கையை முகர்ந்து பார்த்தாள், மறுபடி முங்கினாள். அக்கா கரையில் நின்று அழுதுகொண்டே இருந்தாள். அம்மா கையை முகர்வதும் முங்குவதுமாக இருந்தாள். இருட்டத் தொடங்கிய பிறகுதான் கரையேறி வந்தாள். அப்போதும் எங்களைத் தொடவில்லை. முன்னால் நடந்தாள். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனோம்.